தொண்டி வராத நாட்கள்

பிலவேந்திரன் கார்டைச் சோற்றுச் சம்படத்தில் கொண்டுவருவார்,
ஈரம் குடிக்கப் பச்சரிசி போட்டு.
இருபது நாள் கடலடியில் காதுகொடுத்துக் கிடந்த
கருவியின் கார்டு.
ஊதித் துடைத்துச் செருகுவேன்.
எப்படியும் ஓர் அரிசி மேசையில் மிஞ்சும்.

முதல் மாதம் நான் எழுத்தை நம்பினேன்.
முதலில் செருகினால் பி, அடுத்தது சி.
மோர்ப்பண்ணை பி, காரங்காடு சி.
ஒருநாள் அவசரத்தில் மாற்றிச் செருகினேன்.
லினக்ஸ் ஒன்றும் கேட்கவில்லை.
மேய்ந்துகொண்டிருந்த ஓர் ஆவுளியாவை
ஊர்விட்டு ஊர் நகர்த்திவிட்டேன்,
நீர் ஒரு துளி அசையாமல்.

அதன்பிறகு கார்டின் சொந்த அடையாளத்தைப் பிடித்துக்கொண்டேன்:
எட்டு எழுத்து, நடுவில் ஒரு சிறு கோடு.
எந்தத் துளையில் நுழைந்தாலும் அதே ஆள்.
பிலவேந்திரன் மகன் தன் போனில் போட்டு
ஃபார்மட் அடித்த அன்று மட்டும்
வேறு ஆளாகத் திரும்பி வந்தது.

தொண்டிப் பெட்டி வேறு கதை.
அங்கே ஒரு மாடியில், சாதிக்காவின் பொறுப்பில்,
எல்லாக் கரையின் ஒலியும் போய்ச் சேரும் நெட்வொர்க் வட்டு.
இங்கே தேவிபட்டினத்தில் கரண்ட் போய் வந்தால்
கணினி எழும், தொண்டி எங்கே என்று நிற்கும்.
ஒன்றரை நிமிடம்.
பிறகு கறுப்புத் திரை,
கடவுச்சொல் கேட்கும் ஒற்றை வரி.
தொண்டியிலும் கரண்ட் இல்லை என்பதை
அதற்கு யார் சொல்ல?

எஃப்எஸ்டேப் கோப்பில் ஒரே ஒரு வரி.
யார், எங்கே, எந்த வகை, என்ன நிபந்தனை,
ஒரு சுழி, இன்னொரு சுழி.
நிபந்தனையில் நோஃபெயில் சேர்த்தேன்:
வராவிட்டால் போகட்டும், நீ எழுந்திரு.
பள்ளிக்கூடத்துப் பழக்கத்தில்
காற்புள்ளிக்குப் பின் இடைவெளி விட்டிருந்தேன்.
அந்த வரியையே அது படிக்க மறுத்தது.
அழித்தேன். எழுந்தது.
சும்மா, சமர்த்தாக எழுந்தது.
சித்திரை வைகாசி முழுக்க அந்தச் சமர்த்தை மெச்சிக்கொண்டிருந்தேன்.

ஆனியில் சாதிக்கா கூப்பிட்டாள்:
உங்க பதினோரு நாள் எங்கே?
அனுப்பினேனே. இரவு தவறாமல்
முடிந்தது, முடிந்தது என்றல்லவா எழுதியிருக்கிறது?
தொண்டிக்கு ஒன்றும் வரலை.

இங்கே வட்டு நிறைந்துவிட்டது என்கிறது.
கோப்புகளைக் கூட்டினால் பாதிகூட இல்லை.
இரண்டையும் சொல்வது ஒரே வாய்.

இரவு பத்தரைக்கு உறைத்தது.
தொண்டி வராத நாட்களில்
தொண்டி என்று பெயரெழுதிய காலி அறை ஒன்று
இங்கேயே திறந்து கிடந்திருக்கிறது.
நகலெடுக்கும் நிரல் பெயரைப் பார்த்தது, உள்ளே போட்டது.
மறுநாள் நிஜத் தொண்டி வந்து
அதன்மேல் ஏறி உட்கார்ந்தது.
அடியில் இருந்தது அழியவும் இல்லை,
தெரியவும் இல்லை.

கழற்றினேன்.
வத்தத்தில் கடற்புல் தலைகாட்டுவது போல
பதினோரு நாளும் தேதி வரிசையில் கிடந்தன.
ஒன்றைத் திறந்தேன்.
விசைப்படகு. விசைப்படகு. இறால்களின் சடசடப்பு.
வெகுநேரம் ஒன்றுமில்லை.
பிறகு குருவி போல ஒரு கீச்சு.

காலி அறையை இப்போது பூட்டிவிட்டேன்,
யாரும் எழுத முடியாதபடி.
நோஃபெயிலுக்குப் பக்கத்தில் இன்னொரு சொல்,
இடைவெளி இல்லாமல்.
நாம் கேட்கும்போது மட்டும் போய் அழைக்கும்,
பத்து நொடி பார்க்கும்,
வராவிட்டால் வரவில்லை என்று வாய்திறந்து சொல்லும்.
சொன்னால் போதும் எனக்கு.

பிலவேந்திரனுக்கு அந்தக் கீச்சைப் போட்டுக் காட்டினேன்.
தலை சாய்த்துக் கேட்டார்.
எந்த ஊர்க் கார்டும்மா இது?
எட்டு எழுத்தையும் படித்தேன், நடுக்கோட்டோடு.
ஊர்ப்பேர் சொல்லு என்றார்.
சொல்ல வாயெடுத்தேன், கரண்ட் போனது.