முப்பது செக்கன்

வாங்கலாமா அக்கா என்று கேட்டாய் ஃபஸ்மினா,
இருமல் பாணிப் போத்தல்களுக்கு விலை ஒட்டிக்கொண்டே.
அப்போதே சொல்லியிருப்பேன்,
கவுண்டரில் ஆள் நின்றது.

முதலில் விலை.
கொள்ளுப்பிட்டிக் கடையில் முப்பத்தெட்டாயிரம்.
புறக்கோட்டை நடைபாதையில்
அதே முகம், அதே பட்டி, ஆறாயிரம்.
அதை மேசைக் காலில் கட்டினாலும்
நாடித்துடிப்பு எழுபத்திரண்டு காட்டுகிறது.
"சுகதேகியான மேசை மிஸ்" என்றான்
விற்கிறவனே, வெட்கமில்லாமல்.
நான் ஆறு மாதத் தவணையில்
மெய்யான துடிப்பை வாங்கிக்கொண்டு வந்தேன்.

அது எண்ணும்.
வேறு வேலை அதற்கில்லை.
தேங்காய் துருவினேன்,
நானூறு அடி நடந்தாய் என்றது.
நூறாம் நம்பர் பஸ்ஸில் வெள்ளவத்தை மட்டும்
ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டு வந்தேன்,
இருந்தது போதும், கொஞ்சம் எழும்பு என்றது.
அனெக்ஸ்கார ஐயா
வருகிற மாதம் வாடகை கூடும் என்று அனுப்பிய இரவு
"உடற்பயிற்சி தொடங்கிவிட்டீர்களா?" என்று
மிகவும் மரியாதையாகக் கேட்டது.
ஓம் என்று அமத்தினேன்.
பதினெட்டு நிமிடத்தில் பச்சை வட்டம் நிறைந்து
சின்னதாக வாணவேடிக்கை.

காலையில் சொல்லும்,
நேற்று ஐந்து மணித்தியாலம்தான் நித்திரை, அதுவும் குழம்பிய நித்திரை.
தெரியும்.
நானும் அங்கேதானே கிடந்தேன்.

தமிழ் அதற்கு வராது.
வருகிற செய்தியெல்லாம் வெற்றுப் பெட்டிகளாக விழும்.
வரிசை நீண்டால் வாடகை,
குட்டையென்றால் சாப்பிட்டியா.
இப்போது பெட்டி வாசிக்கப் பழகிவிட்டேன்.

பட்டிக்குக் கீழே சொறி.
சித்திரைப் புழுக்கத்தில் கழற்றினால்
மணிக்கட்டில் வெளுத்த வளையம்.
நம் கடையிலேயே கலமைன் வாங்கிப் பூசினேன்,
ஊழியர் கழிவு போக இருநூற்றுப் பத்து.
இதையும் விலையோடு கூட்டிக்கொள்.

அப்ப வேண்டாம் என்கிறீங்க என்பாய்.
பொறு.

போன சனிக்கிழமை, குசினியில் ஒரு கரப்பான்.
செருப்பைக் கழற்றி ஓங்கி அடித்தேன்.
கரப்பான் கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் போய்விட்டது.
கை விண்ணென்று அதிர்ந்தது,
கூடவே அதுவும்.
"பலமாக விழுந்துவிட்டீர்கள் போலிருக்கிறது.
உதவிக்கு அழைக்கவா?" என்றது
அதனுடைய இங்கிலீசில்.
முப்பது. இருபத்தொன்பது.

வாங்கிய அன்று கடைப் பெடியன் சொன்னான்,
அவசரத்துக்கு ஒரு பெயர் போடுங்க மிஸ் என்று.
பிறகு போடுகிறேன் என்றேன்.
அவன் அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டான்.

நிற்பாட்டலாம், விரலால் ஒரு தட்டு.
தட்டவில்லை.
பாணந்துறைப் பக்கம் கடைசி ரயில் போனது,
ஜன்னல் கண்ணாடி நடுங்கி அடங்கியது.
பதினொன்று. பத்து.
ஒரு கையில் செருப்போடு
பார்த்துக்கொண்டு நின்றேன்,
யாரையாவது அதற்குத் தெரிந்திருக்கும் என்பதுபோல.

பூச்சியம்.
"தொடர்புகள் எதுவும் இல்லை."
பிறகு வழமைபோல நேரம் காட்டியது,
பத்து நாற்பத்தேழு,
மழை வர அறுபது வீதம்.

ஞாயிறு முழுக்க யோசித்தேன் என்று சொல்லமாட்டேன்.
உடுப்புத் தோய்த்தேன், நூடுல்ஸ் அவித்தேன்.
பின்னேரம் போல
உன் நம்பரைப் போட்டுவிட்டேன் ஃபஸ்மினா.
கேட்காமல்தான்.
இரவில் தெரியாத சத்தத்தோடு அழைப்பு வந்தால்
அனேகமாகக் கரப்பானாக இருக்கும்.
எண்டாலும் எடு.

பெறுமதியா என்றால்
முப்பத்தெட்டாயிரத்துக்கு இல்லை.
இருபத்தையாயிரம் தருகிறேன், கழற்று என்றால்
கொஞ்சம் இழுத்தடிப்பேன்.

சம்பளம் வந்த பிறகு சேர்ந்து போவோம்,
அந்தப் பெடியனிடமே.
பெயர் கேட்பான், யோசித்துக்கொண்டு வா.
என்னுடையதைத்தான் போடவேண்டும் என்றில்லை.
கறுப்புப் பட்டி மட்டும் வேண்டாம்,
வேர்வையில் உப்புப் பூக்கும்.