உறைபெட்டியில் இடம்

குலுக்கலில் என் பெயர் விழுந்தது.
தாளில் இருந்தது இவ்வளவுதான்:
எல்க், கொம்பில்லாதது, ஒன்று.
சால்மன் ஆற்றுக்கு வடக்கே,
அக்டோபர் பத்து முதல் இருபத்து நான்கு வரை.

தபால் நிலையத்துக்கு வருகிறவர்கள் எல்லாரும்
கொம்பைப் பற்றியே கேட்கிறார்கள்.
எத்தனை கிளை, எந்தச் சுவரில் மாட்டுவாய்.
கொம்பைத் தின்ன முடியாது என்கிறேன்,
முத்திரை குத்திக்கொண்டே.
சுவரும் என்னுடையதில்லை. வாடகை வீடு.

இட்சியார் வரைபடத்தைச் சமையல் மேசையில் விரித்து
நான்கு மூலைக்கும் தகர டப்பா வைக்கிறாள்.
மூன்றில் பீன்ஸ், ஒன்றில் பீச்.
அவளும் இதுவரை எல்க் சுட்டதில்லை.
டயர் கடையில் வேலை;
எந்தப் பாரத்தையும் முதுகு பிசகாமல் தூக்குவாள்.
எங்கள் இருவருக்கும் சேர்த்து
அந்த ஒன்றுதான் அனுபவம்.

சமவுயரக் கோடுகள்
ஓடைக்கருகே தளர்ந்து கிடக்கின்றன,
கணவாய்க்குக் கீழே
கொசுவம் போல நெருங்கிவிடுகின்றன.
"கோடு நெருங்கினால் முழங்கால் பேசும்" என்கிறாள்.

பிறகு கணக்கு.
பின்னங்கால் இரண்டு, தலா இருபத்தைந்து கிலோ.
முன்னங்கால் இரண்டு, கொஞ்சம் குறைவு.
முதுகுச்சதை, கழுத்து, ஈரல்.
சுடுவது ஒரு நொடி.
மற்றதெல்லாம் சுமை.
ஆளுக்கு இரண்டு நடை:
இறங்கி, வெறுங்கையோடு ஏறி, மறுபடி இறங்கி.

ஆகஸ்ட் முழுதும் முதுகுப்பையில்
பனி உருக்கும் உப்பு மூட்டையைத் திணித்து
பள்ளி மைதானத்துப் படிகளில் ஏறி இறங்கினேன்.
கால்பந்துப் பையன்கள் முதல் நாள் சிரித்தார்கள்.
மூன்றாம் வாரம் வழி விட்டார்கள்.
சரளைக் குவாரிக்குப் பின்னால் காகிதத் தட்டுகளைச் சுட்டேன்.
இருநூறு கஜத்தில் பத்துக்கு ஒன்பது.
இரவில் நினைவுக்கு வருவது
அந்தப் பத்தாவது தட்டு.

உறைபெட்டியில் இடமில்லை.
ட்ரௌட் மீன், ஹக்கிள்பெர்ரி மூன்று பை,
எல்லாவற்றுக்கும் அடியில், தகடு சுற்றி,
கல்யாண கேக்கின் மேல் அடுக்கு.
முதல் ஆண்டு நிறைவில் தின்ன வேண்டியது.
ஆண்டு நிறையுமுன் கெல்டன் நெவாடாவுக்குப் போய்விட்டான்.
"இது எத்தனை கிலோ இடம்?" என்றாள் இட்சியார்.
துக்கம் விசாரிக்கவில்லை,
அளவைத்தான் விசாரித்தாள்.
கத்தியை வெந்நீரில் நனைத்து வெட்டினோம்.
மீன் வாசம். இருந்தும் இரண்டு துண்டு தின்றேன்.
மிச்சம் அவளுடைய கோழிகளுக்கு.

வண்டி நிற்கப்போகும் இடத்திலிருந்து
நூலை வைத்து அளந்து, சிவப்புப் பென்சிலால்
மலைமேல் ஒரு கோடு போட்டாள்.
இதற்கு அப்பால் சுடக் கூடாது.
எவ்வளவு பக்கத்தில் நின்றாலும்,
விலா தெரியத் திரும்பி நின்றாலும்.
தூக்கிவர முடியாததைக் கொல்வதற்கு நாம் யார்,
சத்தியம் செய் என்றாள்.
பீச் டப்பாவின்மேல் கை வைத்தேன்.

அந்தக் கோட்டுக்கு மேலே
இந்நேரம் ஏதோ ஒரு பிணை
ஆஸ்பென் மரங்களுக்கிடையில் அசைபோட்டுக்கொண்டிருக்கும்.
இன்றிரவு எட்டரை மணிக்கு
என் சமையலறையில் அதற்கு உயிர் கிடைத்தது
அதற்குத் தெரியாது.
கோட்டுக்குக் கீழே இருப்பதற்கும் தெரியாது.
அதுவும் அசைபோட்டுக்கொண்டுதான் இருக்கும்.

அவள் போனபின் பெட்டியைத் திறந்தேன்.
கேக் இருந்த இடம்
பனி விளிம்போடு வட்டமாகத் தெரிந்தது.
கையை விட்டு அளந்தேன்.
ஒரு முன்னங்கால்கூடக் கொள்ளாது.

நாளையிலிருந்து மீன்தான்,
காலையும் மாலையும்.