கோது எத்தனை

அந்த வருசம் கடையில் தோட்டா இல்லை.
மா இல்லை, நூற்கட்டை இல்லை, பிளேட் இல்லை.
கப்பல் வரவில்லை என்று
ஆளுக்கொரு சாமானைச் சொல்லி அலுத்துக்கொண்டார்கள்.
கிளெமென்ற் தோட்டாவைச் சொன்னார்.
உன்னிச்சைப் பக்கம் வயலுக்குப் பன்றி மட்டும்
தட்டுப்பாடில்லாமல் வந்துகொண்டிருந்தது.

"வெடிச்ச கோத வீசாம வச்சா
திரும்ப அடைக்கலாமாம்" என்றார்.
அவர் கையில் சுருட்டு.
அந்தக் கையைப் பார்த்தேன்.
தைக்கிறவள் நான்,
ஊசியில் நூல் கோர்க்க வெளிச்சம்கூடக் கேட்காதவள்.
"சுருட்ட வெளிய வச்சிட்டு வாங்க" என்றேன்.
அப்படித்தான் தொடங்கியது.

முதல் பாடம் மருந்து அல்ல, குனிவது.
சுட்ட இடத்திலேயே குனிந்து
புல்லுக்குள் சூடாகக் கிடப்பதைப் பொறுக்க வேண்டும்.
வேட்டைக்காரருக்கு அது வராது.
பன்றிக்குப் பின்னால் ஓடிவிடுவார்கள்.

பத்துக் கொடுத்து அனுப்புவேன்.
வெள்ளாப்பில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றால்
விழுந்ததா என்று கேட்பதில்லை.
கோது எத்தனை?
ஒருநாள் ஒன்பது என்றார்.
தேத்தண்ணி கொடுக்கவில்லை.
மத்தியானம் திரும்பிப் போய்
வட்டைக்குள் முழங்காலில் நின்று தேடிப்
பத்தாவதைக் கொண்டுவந்து
என் திம்பிளுக்குப் பக்கத்தில் வைத்தார்.
இரண்டும் பித்தளை. இரண்டுக்கும் உள்ளே ஒன்றுமில்லை.
திம்பிளுக்கு உடம்பெல்லாம் குழி.
மற்றதற்கு அடியில், நடுவில், ஒரே ஒரு குழி.

புளியும் சாம்பலும் போட்டு உரசி
வெயிலில் காயவைப்பேன்.
கழுத்தில் மயிர்க்கோடு ஓடியிருக்கிறதா என்று
ஊசிமுனையால் சுற்றி வருவேன்.
தையல் விடப்போகும் இடம்
விடுவதற்கு முன்பே விரலுக்குத் தெரியும்.
வெடிப்புக் கண்டவற்றைப் பிள்ளைகள் எடுத்து
விசில் ஊதித் தெருவை எழுப்பினார்கள்.

மருந்து நிறுக்க
சாமித்தம்பிப் பத்தரிடம் பொன் தராசு இரவல்.
"என்னகா நிறுக்கப் போறீங்க?"
"மிளகு" என்றேன்.
அவர் என்னைப் பார்த்தார், பிறகு கொடுத்தார்.
டச்பார் வீட்டு ஜன்னல்களை அடைத்து
வாவிக் காற்றை வெளியே நிறுத்தி
ஒரு தட்டில் குன்றிமணி,
மறு தட்டில் மூச்சை அடக்கித் தூவுவது.
எத்தனை தாலிக்கு நிறுத்த தட்டோ,
அது பன்றிக்கும் நேராகவே நின்றது.

அடைத்ததைத் துவக்கில் போட்டு மூடினார்.
சத்தமே இல்லை.
"பாரு, தானாப் போகுது."
முதல் வெடியில் பித்தளை வீங்கி
அந்தத் துவக்கின் உள்ளளவை எடுத்துக்கொள்ளுமாம்.
பிறகு அதற்கு மட்டும்தான் பொருந்தும்.
அளவெடுத்துத் தைத்த சட்டை, நான் சொன்னேன்,
அடுத்தவருக்குக் கக்கத்தில் இறுக்கும்.

பிறகு துவக்குகளை ஒப்படைக்கச் சொன்னார்கள்.
பொலிஸில் ஒரு துண்டு தந்தார்கள்:
துவக்கு ஒன்று, இலக்கம், தோல்வார் ஒன்று.
கோது என்று ஒரு வரி இல்லை.
அவர்கள் கேட்கவில்லை.
நாங்கள் சொல்லவில்லை.
கிளெமென்ற்றைப் பெட்டிக்குள் வைத்த அன்றும்
துண்டு வேதாகமத்துக்குள் அப்படியே கிடந்தது.

நேற்று ஏறாவூரிலிருந்து பழைய சாமான் எடுக்கிற
உதுமாலெவ்வை வந்தார்.
பிஸ்கட் டின்னைக் குலுக்கினார், முகம் மாறியது.
இந்த ஊரில் கோது என்றால்
அவருக்கு வேறு கோதுகள் தெரியும்.
வேலியோரம், பள்ளிக்கூட வளவு, கிணற்றடி,
சாக்குச் சாக்காய்த் தூக்கிய தோள்.
ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பி
"இது அதில்ல" என்றார்.
"இது அதில்ல" என்றேன்.

கிலோவுக்கு விலை சொன்னார்.
நிறுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை.
மேசையில் நிமிர்த்தி வைத்து எண்ணினேன்.
முப்பத்தொன்பது.
நாற்பது இருக்க வேண்டும்.
டின்னைக் கவிழ்த்தேன், பாயை உதறினேன்.
அவர் தராசைக் கீழே வைத்துவிட்டு
கேட்காமலே முழங்காலில் குனிந்து
தையல் மெசினுக்கு அடியில்
கையை விட்டுத் துழாவத் தொடங்கினார்.