பாதியாக்கிக் காட்டவும்

திங்கள் காலை ரன்வா அனுப்பிய அருவி
என் திரையில் வெளுத்துக் கிடந்தது,
கஞ்சியில் முக்கி எடுத்த துணிபோல.
வெளிச்சம் தூக்கல் என்று எழுதினேன்.
சரியாகத்தான் இருக்கிறது என்றாள்.
அவள் வடக்கே க்ளக்ஸ்விக்கில்.
என் அச்சகம் டோர்ஸ்ஹாவ்னில், துறைமுகத்தின் பின்னால்.
நடுவில் கடலடிச் சுரங்கம் இரண்டு,
எப்போதும்போல் மழை.

எனக்கு என் கண்மேல்தான் சந்தேகம்.
வலது கண்ணில் புரை எடுத்துப் பதினோரு நாள்.
புதுக் கண்ணுக்குச் சுவர் நீலம் போட்ட வெள்ளை,
பழைய கண்ணுக்கு அதே சுவர் தேநீர் சிந்திய வெள்ளை.
ஒன்றை மூடிப் பார்த்தேன்.
மற்றதை மூடிப் பார்த்தேன்.
அதிசயமாக இரண்டும் ஒத்துப்போயின:
தூக்கல்தான்.

அவள் என் திரையைச் சந்தேகித்தாள்.
பிறகு என் மென்பொருளை.
பிறகு, வாய்விட்டுச் சொல்லாமல், என்னை.

மீன்பிடிச் சங்கத்தின் நாட்காட்டி.
ஆகஸ்ட் தாள் மட்டும் பாக்கி.
வியாழனுக்குள் தட்டு போட்டாக வேண்டும்.

செவ்வாய் மதியம் பேருந்தில் வந்திறங்கினாள்,
மடிக்கணினியை மழைக்கோட்டுக்குள் அணைத்தபடி.
மேசையில் இரண்டு திரை அருகருகே.
ஒரே கோப்பு, ஒரே அரை நொடி.
அவளுடையதில் பாறைக்குப் பாசி இருந்தது,
புல்லுக்கு ஈரம் இருந்தது.
என்னுடையதில்
நண்பகல் வந்து எல்லாவற்றின்மீதும் உட்கார்ந்திருந்தது.

'ஐ.எஸ்.ஓ. எவ்வளவு வைத்தாய்?'
'ஐம்பது. கறுப்புக் கண்ணாடி கல்சோய் ஃபெர்ரியில் விழுந்து உடைந்துவிட்டது.
தண்ணீர் நூலாக இழுபட வேண்டும், வேறென்ன செய்ய?'

ஐம்பது.

நூறுக்குக் கீழே அந்தக் கேமராவுக்குப் படியே கிடையாது.
கடைசிப் படியில் நின்றுகொண்டு
இன்னும் ஒன்று இறங்கிவிட்டேன் என்கிறது.
நூறிலேயே நின்று,
இரண்டு பங்கு வெளிச்சத்தை வாங்கிப் போட்டுக்கொண்டு,
கோப்பின் ஓரத்தில் ஒரு சீட்டு எழுதிச் செருகுகிறது:
பாதியாக்கிக் காட்டவும்.

அவள் மென்பொருள் சீட்டைப் படித்தது.
என்னுடையது
வந்த வெளிச்சத்தை வந்தபடி கொட்டிவிட்டது.

இதில் பொய் சொன்னது யார் என்று
காபி ஆறும்வரை பேசினோம்.
சீட்டைப் படிப்பதுதான் மரியாதை என்றாள்.
படிக்காததுதான் நேர்மை என்றேன்,
என் மென்பொருளை விட்டுக்கொடுக்க மனமில்லாமல்.

பட்டையை இடப்பக்கம் ஒரு படி இழுத்தேன்.
பாசி வந்தது. ஈரம் வந்தது.
எந்தத் திரை யாருடையது என்றே தெரியவில்லை.
அவள் சிரித்துக்கொண்டு எழுந்தாள்,
ஒரு கையை மட்டும் கோட்டுக்குள் விட்டவள்
அப்படியே நின்றாள்.

'ஹெய்னி, ஆடு எங்கே?'

அருவி விழத் தொடங்கும் விளிம்பில்
ஒரு பெட்டை ஆடு நின்றதாம்.
அவள் அண்ணன் ரெகினுடையது,
இடது காதில் இரண்டு வெட்டு.
அரை நொடியும் அசையாமல் நின்றதாம்,
படத்துக்கு நிற்கிறோம் என்று தெரிந்ததுபோல.

விளிம்பில் வெயில் பட்ட நுரை இருந்தது.
இன்னொரு படி இருட்டாக்கினோம். இன்னொன்று.
நுரை சாம்பலானது.
சாம்பலுக்குள் ஆடு இல்லை.
அவள் திரையிலும் இல்லை,
சீட்டைப் படித்த திரையில்.
நிறைந்த குடத்தில் ஊற்றியது தரையோடு போயிற்று.
பாதியாக்கச் சொல்வதற்கு முன்பே போயிற்று.
சீட்டு அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

'நூறில் எடுத்திருந்தால்?'
'நின்றிருக்கும்.'
'தண்ணீர்?'
'கொஞ்சம் முரடாக.'
ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
வேண்டாம் என்றும் சொல்லவில்லை,
மாற்று என்றும் சொல்லவில்லை.

சாம்பல் நுரை யாருக்கு வேண்டும்?
மறுபடி வெள்ளைக்கே தள்ளினேன்.
வியாழன் மாலை ஆகஸ்ட் அச்சேறியது.
அந்த விளிம்பில் தட்டில் ஒரு புள்ளி கிடையாது.
நான்கு மையும் சுற்றிப் போயின,
ஒன்றும் தொடவில்லை.
வெறும் தாள்.
என் இரண்டு கண்ணுக்கும் அது இரண்டு வெள்ளை.

முதல் பிரதியை ரன்வா ஈரத்தோடு எடுத்தாள்.
என் காதுக்குப் பின்னாலிருந்த பென்சிலை உருவி
அங்கே நான்கு கால் போட்டாள்.
பிறகு, யோசித்து,
காதில் இரண்டு வெட்டு.