எனக் கொள்க

மூன்றாம் வினா என்னைப் பற்றியது.
"ஒரு சுங்கச்சாவடிக்கு நிமிடத்துக்குச் சராசரியாக
நான்கு வாகனங்கள் வருகின்றன.
அவை ஒன்றையொன்று சாராமல் வருகின்றன எனக் கொள்க."
வினா இங்கிலீஷில்தான் இருந்தது.
மனசுக்குள் தமிழில் போட்டுப் பார்ப்பேன்,
அப்போதுதான் கணக்கு எனக்கு இறங்கும்.

டொங்காட் சாவடி, ஐந்தாம் தடம்,
இரவு பத்து முதல் காலை ஆறு.
கண்ணாடிப் பெட்டிக்குள் நான்,
மடியில் புள்ளியியல், இரண்டாம் ஆண்டு.
பாடப் புத்தகத்தின் அட்டையில்
டின் மீன் எண்ணெய் வைத்த ஒரு வட்டம்.
வீட்டில் மின்வெட்டு. இங்கே ஜெனரேட்டர் உண்டு.
ஆகவே என் பல்கலைக்கழகம் இதுதான்.
மேற்பார்வையாளர் துலானி கேமராவில் பார்த்திருப்பார்.
இதுவரை ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு வாக்கியத்தை ஆறு வண்டிகளில் படிக்கிறேன்.
"நிகழ்தகவு" ஒரு பேக்கரி வேன்.
"என்பது" ஒரு பழைய கொரோலா, சில்லறை இல்லை.
பயனிலை வருவதற்குள்
எழுவாய் டர்பன் போய்ச் சேர்ந்திருக்கும்.

"மா, நீ முடிக்கிறதுக்குள் எனக்கே நரைச்சிடும்,"
என்கிறான் தேஷன்.
நாற்பத்தொன்பதில் தொடங்கி, வருடத்துக்கு மூன்று பாடம்.
அவன் கணக்கு சரிதான்.

விடை எழுதினேன்.
ஒரு நிமிடம் ஒரு வண்டியும் வராதிருக்க
நிகழ்தகவு 0.0183.
அந்த 0.0183-ஐ எனக்குத் தெரியும்.
மூன்றே காலுக்கு மேல் வரும்.
கரும்புக் காட்டிலிருந்து தவளைகள் கேட்கும்,
தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொள்வேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.
கீழே இடம் இருந்தது, எழுதிவிட்டேன்:
ஐயா, ஒன்றையொன்று சாராமல் வருவதில்லை.
வெட்டு நாட்களில் ஒரு கரும்பு லாரி முன்னால் போனால்
அதன் பின்னால் ஐந்து கார்கள் பல்லைக் கடித்தபடி வரும்.
காவடிக்கு முந்தின ராத்திரி
பஸ்கள் தனியாக வந்து நான் பார்த்ததில்லை.
முதல் பஸ்ஸில் ஒருவர் மொத்தத்துக்கும் பணம் கொடுப்பார்,
எண்ணிச் சொல்லும்போது தப்பாகச் சொல்வார்.

எழுதாமல் விட்டது ஒன்று.
தம்பி யோகநாதனை ஸ்டாங்கரிலிருந்து
தகனத்துக்குக் கொண்டுவந்த நாள்.
பகலில் விளக்கெரிய முப்பத்தொரு வண்டிகள்,
இரண்டாவதில் நான்.
அன்று ஐந்தாம் தடத்தில் நொம்வுலா.
சேலையில் இருந்த என்னை நிமிர்ந்து பார்க்காமல்
மீதியை உள்ளங்கையில் வைத்தாள்,
என் விரல்களை அவளே மடக்கி மூடினாள்.
அதற்கு எத்தனை விநாடி ஆனதோ.
பின்னால் ஒருவர்கூட ஹார்ன் அடிக்கவில்லை.

தாள் திரும்பி வந்தது. பத்துக்கு ஏழு.
திருத்துநர் ஃபான் டொண்டர், சிவப்பில்:
"கேட்டதற்கு மட்டும் விடை தருக."
மூன்று மதிப்பெண்!
நாலு ஞாயிற்றுக்கிழமை அது,
துவைக்காத துணி அது.
கோபத்தில் ஒரு லாரிக்காரருக்கு
மீதியைக் கூடக் கொடுத்துவிட்டேன்.
அவரே திருப்பித் தந்தார்.

விடியும்போதுதான் பார்த்தேன்,
ஓரத்தில் பென்சிலில், வேறொரு நேரத்தில் எழுதியது மாதிரி:
"தரவு இருக்கிறதா?"

பதினேழு வருடமாய் இந்தப் பெட்டிக்குள் இருக்கிறேன்.
என்னிடம் யாரும் அதைக் கேட்டதில்லை.

ரசீதுச் சுருளின் பின்புறம் கோடு போடுகிறேன்.
சேர்ந்து வந்தால் ஒரு பக்கம்,
தனியாக வந்தால் ஒரு பக்கம்,
ஐந்தாவதற்குக் குறுக்கே ஒரு கோடு.
நொம்வுலா நாலாம் தடத்தில் போடுகிறாள்,
ஏன் என்று கேட்டாள், முழுசாகச் சொல்லவில்லை.

நாலேகால்.
பாலிட்டோ பக்கமிருந்து ஒரு விளக்கு.
பேனாவை எடுக்காமல்
அதன் பின்னால் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.