பின்பக்கம் இரண்டு விரல் தாழ்வு

பெட்டியை ஏற்றியதும் என் அமரர் ஊர்தி
பின்னால் கொஞ்சம் அமிழும்.
உடனே அடியில் கம்ப்ரசர் முனகும்,
காற்றுப் பைகள் உப்பும்.
பத்து விநாடி.
பம்பர் பழைய உயரத்துக்கு வந்து நிற்கும்
யாரையும் ஏற்றாத வண்டி போல.
விற்றவன் இதைத்தான் முதலில் காட்டினான்:
"எடை வெளியே தெரியாது."

இன்று முனகல் வரவில்லை.
டேஷ்போர்டில் மஞ்சளாய் ஒரு குட்டிக் கார்,
பக்கத்தில் மேலும் கீழும் அம்பு.

சிவப்பென்றால் நிறுத்து.
மஞ்சளென்றால் போ, மெதுவாகப் போ,
வளைவில் என்னை நம்பாதே.
மற்ற நாளில் ஒவ்வொரு சக்கரமும்
சாலையைத் தடவித் தடவிப் படிக்கும்,
குழிக்கு இளகும், திருப்பத்துக்கு விறைக்கும்,
நொடிக்கு நூறு தடவை மனசு மாறும்.
இப்போது ஒரே பிடிவாதம்.
உறைந்து உருகி மேடுதட்டிய ஏப்ரல் தார்
முடிச்சு முடிச்சாக முதுகில் ஏறுகிறது.

பக்கத்து இருக்கையில் ஓஸ்லாக்.
மகன் காரில் வரமாட்டேன்,
இவரோடுதான் வருவேன் என்று ஏறியவள்.
மடியில் அவருடைய தோல் கையுறை.
"அது என்ன விளக்கு?"

பின் இடது சக்கரத்துக்கு மேலே
உயரம் அளக்கிற சென்சார் ஒன்று இருக்கிறது,
அதன் ஒயரை உப்பு தின்றிருக்கும் என்றேன்.
குளிர்காலம் முழுக்கச் சாலையில் கொட்டுகிறார்களே, அந்த உப்பு.

சொன்ன பிறகுதான் உறைத்தது.
ஐலிஃப் முப்பது வருடம்
இந்த ஃபியோர்டுக் கரையில்
உப்பு லாரி ஓட்டியவர்.

ஓஸ்லாக் சிரித்துவிட்டாள்.
"அவர் வேலையேதான்.
எங்கள் காரையே தின்றார். இரண்டு கார்."

பெட்ரோல் பங்கில் நிறுத்தினேன்.
ட்ரோம்சோவில் வேறு வண்டி இருக்கிறது,
ஒரு மணி நேரத்தில் வந்துவிடும், மன்னிக்கணும் என்றேன்.
அவள் இறங்கிப் பின்னால் போனாள்.
டயருக்கும் தகட்டுக்கும் நடுவே
விரல் விட்டு அளந்தாள்.

"சரியாக இருந்தால்?"
தானாக நிமிர்ந்துவிடும்.
"உள்ளே ஆள் இல்லாத மாதிரியா?"
ஆமாம்.

காற்று அடித்தது. கையுறையைப் போட்டுக்கொண்டாள்,
அவளுக்கு அது ரொம்பப் பெரிது.
"நூற்றுப் பத்து கிலோ மனுஷன்.
கட்டிலில் அவர் பக்கம் பள்ளம்.
அதில் உருண்டுவிடாமல்
விளிம்பைப் பிடித்தபடியே தூங்கியிருக்கிறேன்.
மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார்,
மெத்தை அதற்குள் நிமிர்ந்துவிட்டது."

அப்புறம் ஏறிக் கதவைச் சாத்தினாள்.
"வேறு வண்டி வேண்டாம்."

நாற்பதுக்கு மேல் போகவில்லை.
பின்னால் லாரிகள் வரிசை கட்டின,
ஒன்றுகூட ஹாரன் அடிக்கவில்லை.
ஒவ்வொரு மேட்டிலும்
அவள் ஒரு கையால் இருக்கை விளிம்பைப் பிடித்தாள்.

தேவாலய வாசலில் ஆறு பேர் இழுத்தார்கள்.
கம்ப்ரசர் இல்லாமலே
வண்டி இரண்டு விரல் உயர்ந்தது.
எல்லோரும் பெட்டியைப் பார்த்தார்கள்.
ஓஸ்லாக் பம்பரைப் பார்த்தாள்.