நீசன்

மலையின் பெயர் நீசன்.
ஜேர்மன் மொழியில் அதற்குத் தும்முவது என்று அர்த்தம்,
பிள்ளைகள் வழிநெடுகத் தும்மிக் காட்டினார்கள்.
தமிழில் அதைவிட மோசம் என்பதை
நான் சொல்லவில்லை.

ஆறு ஐம்பதுக்கு மூலெனன் நிலையத்தில்
பதினேழு தலைகள்.
துன் நகர இளையோர் வட்டத்தின் வருடாந்த நடை.
விசிலோடு கவிதரன் முன்னால்,
முதலுதவிப் பையோடு நான் பின்னால்.
கடைசி ஆள் என்பதும் ஒரு பதவி.
எனக்குப் பின்னால் ஒருவரும் நிற்கக் கூடாது,
அவ்வளவுதான் வேலை.

எட்டு மணிக்குமேல்
மரங்களுக்கு அப்பால் ஒரு சிவப்பு வண்டி
கம்பி இழுக்க வழுக்கி மேலே போனது.
உள்ளே இருந்தவர்கள் கோப்பி குடித்தார்கள்.
"அதிலயே ஏறியிருக்கலாமே?" என்றாள் லக்சியா.
நியாயமான கேள்வி.
கவிதரன் விசில் ஊதினான்.

எனக்கு நேர் முன்னால் தர்மிகன்.
பன்னிரண்டு வயது,
காதை மூடிய மஞ்சள் கறுப்புத் தொப்பி,
முதுகைவிடப் பெரிய பை.
வேர்கள் படிகளாய்க் கிடந்த காட்டில்
பத்து நிமிடத்துக்கு ஒருதரம்
பாதையோரம் திரும்பிக் குந்தினான்.
"லேஸ் அவிண்டுட்டுது அக்கா."
நான் நின்றேன்.
மரத்தில் கை ஊன்றி, தண்ணீர் குடித்து,
பொறுமைசாலியின் முகத்தைப் போட்டுக்கொண்டு
நின்றேன்.
மறுபடி குந்தினான்.
மறுபடி.
இவனைக் கூட்டிவந்திருக்கக் கூடாது என்று
ஒருதரம் நினைத்ததும் உண்மை.

ஷ்வாண்டெக்கில் வெயில் நேரே தலையில் இறங்கியது.
மிதுராவின் அம்மா கொடுத்துவிட்ட மாலுபணிஸ்
பையின் சூட்டில் மறுபடி வெந்திருந்தது.
மின்வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு மாடு
கழுத்துமணி அசையாமல்
எங்கள் வாய்களையே பார்த்தது.
யதுசன் வேலியைத் தொட்டான்.
மிச்ச மலை முழுவதும்
அந்த ஒரு நொடியைப் பற்றியே பேசிக்கொண்டு ஏறினான்.

அதற்குமேல் மரமே இல்லை.
புல், கல், வளைவு.
வளைவுக்குப் பின்னால் அதே வளைவு.
விசில் சத்தம் எங்கோ மேலே,
எத்தனை மடிப்புக்கு மேலே என்று தெரியவில்லை.
என் மூச்சு எனக்கே கேட்டது,
ஓட்டை விழுந்த துருத்தி.
முதியோர் இல்லத்தில் ஆறு வருட இரவு வேலை.
மற்றவர்களைத் தூக்கித் தூக்கி
தன்னைத் தூக்குவதை
உடம்பு மறந்துபோயிருந்தது.
கண்ணில் பூச்சி பறந்தது.
தர்மிகன் குந்தினான்.

சாதகத்தில்
உச்சத்துக்கு ஏழாம் வீடு நீசம்,
இரண்டும் ஒன்றாய் இருக்காது.
இங்கே இருந்தது,
காற்றில் தொப்பியைப் பிடித்தபடி
இரண்டின் மேலும் நின்றோம்.
தெற்கே பனிமலைகள் வரிசையாய் நிமிர்ந்திருக்க
ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.
ஏரிக்கரை நெடுக விரலை ஓட்டி
தங்கள் தங்கள் வீட்டுக் கூரையைத் தேடினார்கள்.
"அந்த அரிசிமணி எங்கட பள்ளிக்கூடம்."
"இல்லை, அது சூப்பர்மார்க்கெட்."
சண்டை.
எண்ணினேன். பதினேழு.

இறங்குவதற்கு மட்டும் வண்டி
என்று முழங்கால்கள் ஏகமனதாய்த் தீர்மானித்தன.
சரிந்த பெட்டியில்
தர்மிகன் எனக்கு எதிரே உட்கார்ந்தான்.
கால்கள் தரையில் எட்டாமல் ஆடின.
சேறு காய்ந்த சப்பாத்து,
நாக்கு, தையல்,
பக்கவாட்டில் ஒரு சின்னத் திருகு.
திருகினால் இறுகும் புது ரகம்.
லேஸ் இல்லை.
லேஸ் கோக்கிற ஓட்டைகூட இல்லை.

நான் பார்ப்பதை அவன் பார்த்தான்.
கால்களை இருக்கைக்கு அடியில் இழுத்துக்கொண்டு
கண்ணாடியில் நெற்றியை முட்டி
தண்டவாளத்தோரப் படிகளைச்
சத்தமாய் எண்ணத் தொடங்கினான்,
ஜேர்மன் மொழியில், தப்பும் தவறுமாய்.

எல்லாருக்கும் முன்னால்
எனக்கு முகத்தை வைத்துக்கொள்ள இடம் இல்லை.
குனிந்தேன்.
அவிழாத என் லேஸை அவிழ்த்தேன்.
கட்டினேன்.
மறுபடி அவிழ்த்தேன்.